விண்டோஸை விட்டுவைத்து, பக்கத்துப் பார்ட்டிஷனில் இன்னொரு ஓஎஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். டீசல் கணக்கும் ஐஸ் கணக்கும் எக்செல்லில் எழுதும் சம்மாட்டி (படகு முதலாளி), ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், துபாயிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்போடு கீழக்கரைக்காரர்கள். நான் கடையெல்லாம் வைத்திருக்கவில்லை, தெரிந்ததைச் செய்து கொடுப்பதோடு சரி. ஆனால் எல்லாரும் 'இனி இந்த லேப்டாப்பை என்ன செய்வது' என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: விண்டோஸை அழிக்காமல், டிஸ்கில் ஒரு பார்ட்டிஷனை (தனிப் பகுதியை) ஒதுக்கி, அதில் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை (ஓஎஸ்) போட்டுக்கொள்ளுங்கள். இனிமேல் யார் வந்தாலும் இதைப் படிக்கக் கொடுத்துவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்த வேலை?

ஓடும், யாரும் வந்து நிறுத்தப் போவதில்லை. பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஒரு வருடம் வரும், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, அதற்கு முந்தையதெல்லாம் வெளியே. கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கிற லேப்டாப்பை, காலம் முடிந்த வத்தைப் படகு மாதிரி கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. நெட்பேங்கிங், மெயில், படிப்பு எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் மாற்றிக்கொண்டு, விண்டோஸை அதற்கென்றே இருக்கிற வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதற்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தால் அதிகம், அது வேறு கதை.

விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டுப் போட்டால் இன்னும் சுலபம் இல்லையா?

சுலபம்தான், ஆனால் நான் செய்து கொடுப்பதில்லை. முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டாவது வாரம் டேலி எங்கே, பழைய பிரின்டர் ஏன் எடுக்கவில்லை, ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஏன் வேலை செய்யவில்லை என்று போன் வரும். விண்டோஸ் அப்படியே கிடக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போகவே இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால் அப்போது அழித்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடாது. பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1914-ல் கட்டி, 2022 வரை ரயில் ஓடிய பழைய பாலமாக இருந்தாலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த, நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு மேலே ஏறுகிற புதுப் பாலமாக இருந்தாலும் சரி, தூக்கு இறங்கியிருந்தால் ரயில் போகும், ஏறியிருந்தால் கப்பல் போகும். இரண்டும் சேர்ந்து போக முடியாது. லேப்டாப்பை ஆன் செய்ததும் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கிற க்ரப் என்ற மெனுதான் அந்தத் தூக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் செய்துதான் ஆக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டும் என்றால் அது விர்ச்சுவல் மெஷின் என்ற வேறு சமாச்சாரம், 4 ஜிபி ராம் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்த லினக்ஸ் போடுவது?

இதில் சண்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் லினக்ஸ் மின்ட் 22 வரிசையைத்தான் போடுகிறேன். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு, பார்க்க விண்டோஸ் மாதிரியே கீழே இடது பக்கம் மெனு இருப்பதால் அம்மாக்கள்கூடத் தடுமாறுவதில்லை. 4 ஜிபி ராம் இருந்தால் மின்ட்டின் சினமன் பதிப்பு, அதற்கும் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே சொல்வதெல்லாம் மின்ட்டை வைத்துத்தான், உபுண்டுவிலும் திரைகள் கொஞ்சம் மாறுமே தவிர சங்கதி ஒன்றுதான்.

டவுன்லோடு கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கிறது. என் போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான், எப்படி இறக்குவது?

டாரன்ட் வழியாக இறக்குங்கள். இன்று பாதி, நாளை பாதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும், வந்த துண்டுகளை அதுவே சரிபார்த்துக்கொள்ளும். பிரௌசரில் இறக்கினால் டேட்டா தீர்ந்து பாதியில் அறுந்த ஃபைல், முழுசாக வந்தது போலவே உட்கார்ந்திருக்கும், பிறகு இன்ஸ்டால் நடுவில் கழுத்தை அறுக்கும். அப்படி இறக்கியிருந்தால் டவுன்லோடு பக்கத்திலேயே எஸ்எச்ஏ256 என்று ஒரு நீளமான எண் கொடுத்திருப்பார்கள், இறக்கிய ஃபைலுக்கும் அதே எண் வருகிறதா என்று கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறக்கிய ஃபைலைச் சும்மா பென் டிரைவில் காப்பி பேஸ்ட் செய்தால் அதிலிருந்து லேப்டாப் எழும்பாது (பூட் ஆகாது). ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்து எழுத வேண்டும், அல்லது வென்டாய் என்பதைப் பென் டிரைவில் நிறுவிவிட்டு அதற்குள் காப்பி செய்ய வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருக்கிறதெல்லாம் அழிந்துவிடும், கல்யாணப் போட்டோ இருக்கிற பென் டிரைவைக் கொண்டுவராதீர்கள்.

தொடங்குவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வேலை. சோம்பல்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஒன்று, பேக்கப். வெளியே இருக்கிற ஹார்ட் டிஸ்கில் எடுங்கள். டி டிரைவில் காப்பி வைத்திருக்கிறேன் என்று சொல்வது, ஒரே சட்டையின் இடது பையிலிருந்து வலது பைக்குப் பணத்தை மாற்றி வைப்பது மாதிரி.

இரண்டு, பிட்லாக்கர், அதாவது டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருக்கிற பல லேப்டாப்புகளில் உங்களைக் கேட்காமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். நீங்கள் பூட் அமைப்பில் கை வைத்ததும் அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிட்டு முழுசாக டீகிரிப்ட் ஆகும் வரை காத்திருங்கள். வேண்டாம், அது இருக்கட்டும் என்றால் அந்த 48 இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக இல்லை.

மூன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுசாகத் தூங்காது, அரைக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். சி டிரைவும் 'இன்னும் வேலை நடக்கிறது' என்ற நிலையில் நிற்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'பவர் பட்டன் என்ன செய்யும்' என்ற இடத்தில் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும், எப்படி?

மின்ட்டுக்கு 20 ஜிபி இருந்தாலே ஏறிவிடும், ஆனால் நிம்மதியாக இருக்க 50, 60 ஜிபி கொடுங்கள். (256 ஜிபி எஸ்எஸ்டி என்று வாங்கியது 238 என்றும், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 465 என்றும் காட்டும். யாரும் திருடவில்லை, விற்கிறவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.)

விண்டோஸ் உள்ளே இருந்தே செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவின் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். அது எம்பி கணக்கில் கேட்கும், 60 ஜிபிக்கு 61440 என்று போடுங்கள். முடிந்ததும் கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று ஒரு காலி இடம் தெரியும். அதோடு நிறுத்துங்கள்! அதை ஃபார்மேட் செய்து எஃப் டிரைவ் என்று பெயர் வைக்க வேண்டாம். காலி மனையாகவே இருக்கட்டும், கட்டடம் கட்டுவதை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

நூறு ஜிபி காலியாக இருந்தும் ஷ்ரிங்க் 4 ஜிபிதான் தருகிறது, ஏன்?

நகர்த்த முடியாத ஃபைல் ஏதாவது டிரைவின் கடைசிப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் இந்த மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, திரும்ப ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வழிவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

என்னிடம் ஈ டிரைவ் காலியாகவே கிடக்கிறது, அதில் போடலாமா காக்கா (அண்ணே)?

தாராளமாக. சி-யைத் தொடாமல் இருப்பதால் அதுதான் இன்னும் நல்லது. உள்ளே நிஜமாகவே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈ-யின் மேல் டிலீட் வால்யூம் கொடுத்துக் காலி இடமாக்குங்கள். ஆனால் லினக்ஸில் சி, டி, ஈ என்ற எழுத்தே கிடையாது என்பதை ஞாபகம் வையுங்கள், அங்கே அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அதனால் இப்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் உயிரைக் காக்கும்.

பழைய லேப்டாப்பில் காலி இடம் இருந்தும் 'பயன்படுத்த முடியாது' என்கிறதே?

எம்பிஆர் முறையில் பிரித்த பழைய டிஸ்க். அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் வைக்க முடியாது, சில கம்பெனிகள் ரெகவரி, டூல்ஸ் என்று நான்கையும் தாங்களே நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நான்கு நிரம்பிய டிஸ்கில் விண்டோஸிலேயே ஐந்தாவது உருவாக்கப் போனால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?' என்று அப்பாவி போலக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றினால் லினக்ஸ் ஏறுவது பெரும்பாடு, திரும்ப பழையபடி கொண்டுவருவதும் தலைவலி. நான்கில் எது தேவையில்லையோ அதை பேக்கப் எடுத்துவிட்டு நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் வைத்து உள்ளே லினக்ஸைப் போட வேண்டும். புதிய லேப்டாப்புகளில் ஜிபிடி என்ற புது முறை இருப்பதால் இந்தப் பாடெல்லாம் இல்லை.

பென் டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை.

ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப், விடாமல் தட்டுங்கள். பட்டியலில் பென் டிரைவ் வரும். செக்யூர் பூட்டை ஆஃப் செய்யச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், மின்ட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

பட்டியலிலேயே பென் டிரைவ் வரவில்லை என்றால் நம் ஊரில் வேறு ஒரு காரணம் உண்டு. கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் வீடு, ஜன்னலோரம் மேஜை, வருடம் முழுக்க உப்புக் காற்று. யூஎஸ்பி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். மவுஸ் வேலை செய்கிற ஓட்டையில்கூடப் பெரிய ஃபைல் படிக்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். வேறு ஓட்டையில் போடுங்கள். முடிந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால், லேப்டாப்பை ஆஃப் செய்து, துடைத்துக் காய விட்டு முயலுங்கள். பாம்பனில் ஒரு தம்பியின் லேப்டாப்புக்காக மூன்று பென் டிரைவ் மாற்றி, இரண்டு தடவை திரும்ப டவுன்லோடு செய்து, கடைசியில் குற்றவாளி அந்தக் களிம்புதான்.

பூட் ஆனதும் நேராக இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும், வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும், பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கான டிரைவர் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

இன்ஸ்டாலரில் என் டிஸ்கே காட்டவில்லை, பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

பயாஸில் (ஓஎஸ் எழும்புவதற்கு முன்னால் வருகிற அமைப்புத் திரையில்) ஸ்டோரேஜ், 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி' என்ற இன்டெல் முறையில் இருக்கும், ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் நீலத் திரை காட்டிப் படுத்துவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அப்படியே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள், விண்டோஸ் சேஃப் மோடில் எழும்பி புது முறைக்குப் பழகிக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்துவிடலாம். பிட்லாக்கர் கதையை மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்கும் திரையில் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது?

உண்மையைச் சொன்னால் இந்த வேலை முழுக்கவே இந்த ஒரு திரைதான். மற்றதெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்னால் மச்சான் வீட்டு லேப்டாப்புக்குப் போட்டுக் கொடுத்தபோது, பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டேன். அதுவும் 465, லேப்டாப் டிஸ்கும் 465. பேச்சு சுவாரசியத்தில் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று பார்க்கவில்லை. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பேக்கப் எடுத்த டிஸ்க்தான் சுத்தமாகத் துடைக்கப்பட்டது, அதில் அவர் தங்கையின் நிக்காஹ் வீடியோவும் இருந்தது. ரெகவரி மென்பொருள் வைத்து இரண்டு நாள் தோண்டியதில் பாதிதான் வந்தது. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அந்தக் கதை ஓடுகிறது. ஆகவே இன்ஸ்டால் செய்யும்போது, எழுதப்போகிற டிஸ்கும் பூட் செய்த பென் டிரைவும் தவிர வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது.

இப்போது திரைக்கு வருவோம். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு', 'டிஸ்கை அழித்து நிறுவு', 'சம்திங் எல்ஸ்' என்று காட்டும். நடுவில் இருப்பதைத் தொட்டால் விண்டோஸ், டி டிரைவ், எல்லாம் போயிற்று. முதலாவது சரிதான், ஆனால் அது தானாக ஒரு அளவைத் தீர்மானிக்கும். நாம் காலி இடத்தை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டதால் 'சம்திங் எல்ஸ்' கொடுங்கள்.

பட்டியலில் என்டிஎஃப்எஸ் என்று இருப்பதெல்லாம் விண்டோஸ், தொட வேண்டாம். இஎஃப்ஐ என்று 100 எம்பி அளவில் சின்னதாக ஒன்று இருக்கும் (சில லேப்டாப்பில் 260), பார்க்க ஒன்றுக்கும் உதவாத துண்டு நிலம் மாதிரி இருந்தாலும் இரண்டு ஓஎஸ்ஸும் எழும்பும் வாசல் அதுதான். அதை நீக்கவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது. 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நீங்கள் ஒதுக்கிய அளவில் ஒன்று இருக்கும், போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதைத் தேர்ந்தெடுத்து பிளஸ் அழுத்துங்கள். வகை ஈஎக்ஸ்டி4, மவுண்ட் பாயின்ட்டில் ஒரே ஒரு சாய்கோடு. அவ்வளவுதான். ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) தனி பார்ட்டிஷன் வேண்டுமா என்றால் வேண்டாம், ஸ்வாப் ஃபைலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். உங்கள் ஃபைல்கள் இருக்கிற ஹோமைத் தனியாகப் பிரிக்கச் சொல்வார்கள், 60 ஜிபி இடத்தை இரண்டாக வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஒன்று நிரம்பி இன்னொன்று காற்று வாங்கும்.

'ஃபார்மேட்' என்ற பத்தியில் டிக் இருப்பது நீங்கள் இப்போது உருவாக்கிய ஒன்றில் மட்டும்தானா என்று பாருங்கள். இன்ஸ்டால் கொடுத்ததும் எதையெதை மாற்றப்போகிறேன் என்று ஒரு பெட்டியில் எழுதிக் காட்டும். அதுவரை டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பார்ட்டிஷன் பெயர் ஒன்று அதில் இருந்தால் 'கோ பேக்'.

நடுவில் கரண்ட் போனால்?

பேட்டரி நன்றாக இருந்தால் கவலை இல்லை. செத்த பேட்டரியோடு இருக்கிற லேப்டாப்பாக இருந்தால் வாடைக் காற்றும் மழையுமாக இருக்கிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், அல்லது இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிப் போங்கள். லினக்ஸ் காப்பி ஆகும்போது போனால் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம், பெரிய நஷ்டமில்லை. ஷ்ரிங்க் நடக்கும்போது போனால்தான் உள்ளே இருக்கிற தரவுக்கு ஆபத்து.

எல்லாம் முடிந்தது, ஆனால் மெனு வராமல் நேராக விண்டோஸுக்கே போகிறது.

பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் மேலே இருக்கும், அதற்குக் கீழே 'உபுண்டு' என்று ஒன்று இருக்கும். நான் போட்டது மின்ட் ஆயிற்றே, உபுண்டு எங்கிருந்து வந்தது என்று முழிக்க வேண்டாம், மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகும். அதை மேலே ஏற்றுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் ஏதாவது போட்டால் சில சமயம் திரும்ப இப்படி ஆகும், அதே வைத்தியம்தான்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது!

ராத்திரி எட்டு மணிக்கு மதியம் இரண்டரை என்று காட்டுகிறதா? போர்டில் இருக்கிற கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் எடுத்துக்கொள்கிற சண்டை அது. லினக்ஸில் டெர்மினலைத் திறந்து timedatectl set-local-rtc 1 என்று கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

தமிழில் டைப் செய்ய முடியுமா? பழைய ஃபைல் தெரியுமா?

முடியும். கீபோர்டு அமைப்பில் தமிழ்99 கிடைக்கும், ஒலிபெயர்ப்பு முறை வேண்டுமானால் ஐபஸ் போட்டுக்கொள்ளலாம். டிடிபி கடையில் பாமினி எழுத்தில் அடித்த பழைய பத்திரிகை, மனு எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அந்த ஃபான்ட் ஃபைலை விண்டோஸிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால் சரியாகிவிடும். விண்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கிற ஃபைல்களை லினக்ஸிலிருந்து திறக்கலாம். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பக்கத்து ஃபைலைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது, அதனால் பொதுவான சரக்கை எல்லாம் டி டிரைவில் வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எப்படி எடுப்பது?

வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் தனியாக எழும்புகிறதா என்று பாருங்கள். பழைய எம்பிஆர் லேப்டாப் என்றால் விண்டோஸ் ரெகவரி டிஸ்கிலிருந்து பூட் ரெக்கார்டைத் திரும்ப எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்க வேண்டும். எம்பிஆர் லேப்டாப்பில் தலைகீழாகச் செய்தால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நிற்கும், மற்றதிலும் அதுபோல ஏதாவது ஒரு கறுப்புத் திரை வரும். காலியான இடம் சி-க்கு ஒட்டி வலது பக்கம் இருந்தால் எக்ஸ்டெண்ட் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் 'உபுண்டு' என்று ஒரு சின்ன ஃபோல்டர் மிஞ்சியிருக்கும், சில எம்பிதான், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.